ஊர்ப் பண்டிகை, ஊர்த் திருவிழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. இங்கே விழாக்களுக்கு நோட்டீஸ் அடிப்பது எங்கள் அச்சகம். அதனால் நாள் எது, நேரம் எது, வரி எவ்வளவு என்று எல்லாரும் வந்து நிற்பதும் எங்கள் கடை வாசலில்தான். பேங்குக்கு மாற்றலாகி வந்தவர்கள், கல்யாணமாகி வந்த பெண்கள், சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போன் போடும் பிள்ளைகள், எல்லாருக்கும் சந்தேகம் ஒன்றேதான். சொல்லிச் சொல்லி அலுத்து, எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

ஊருக்குப் புதுசு சார். வருஷத்துல என்னென்ன விழா, எப்பெப்ப வரும்?

வருஷம் சித்திரையில் பிறந்தாலும் எங்கள் விழாக் கணக்கு ஆடியில்தான் தொடங்கும். ஆடி வெள்ளிகளில் மாரியம்மனுக்குக் கஞ்சி, பதினெட்டாம் தேதி ஆற்றங்கரை. ஆவணியில் பிள்ளையார் சதுர்த்தி. ஏறக்குறைய அதே சமயத்தில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் ரோடெல்லாம் தெரிவார்கள். புரட்டாசியில் கொலு. ஐப்பசியில் தீபாவளி, கந்த சஷ்டி, தஞ்சாவூரில் ராஜராஜன் சதய விழா. கார்த்திகையில் சொக்கப்பனை, மார்கழி முழுக்க விடியற்காலைப் பஜனை, தையில் பொங்கல், மாசியில் மகம். பங்குனி, சித்திரையில் தேர். வைகாசியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டித் தீமிதி. ஆனியில் பெரிதாக எதுவும் இல்லை, எல்லாரும் நாற்றங்காலில் இருப்பார்கள்.

ஊர் கூடிச் செய்யும் பெரிய விழாக்கள் பங்குனியிலிருந்து வைகாசிக்குள் வருவதற்குக் காரணம் உண்டு. சம்பாவும் தாளடியும் அறுத்து முடிந்திருக்கும், நெல் போட்ட காசு கைக்கு வந்திருக்கும், அடுத்த தண்ணீர் வரும்வரை வயலில் வேலை இருக்காது. சாமியும் விவசாயி ஓய்வாக இருக்கும் நாள் பார்த்துத்தான் தேரேறுகிறது.

ஒவ்வொரு வருஷமும் தேதி ஏன் மாறுது? குறிச்சு வெச்சுக்கற மாதிரி ஒண்ணும் கிடையாதா?

கொஞ்சம் உண்டு. தமிழ் மாதத் தேதியில் வருபவை அவ்வளவாக நகராது. ஆடி 18 என்றால் ஆகஸ்ட் 2 அல்லது 3, தை 1 என்றால் ஜனவரி 14 அல்லது 15. வேளாங்கண்ணி ஆங்கிலத் தேதி: ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். இவற்றுக்கு லீவு இப்போதே சொல்லிவிடலாம்.

நட்சத்திரத்தையும் திதியையும் வைத்து வருபவை மாதத்துக்குள் முன்னே பின்னே போகும். மாசி மகம், பங்குனி உத்திரம், தைப்பூசம் எல்லாம் இந்த வகை. நாகூர் தர்காவின் கந்தூரி விழா பிறைக் கணக்கு. அந்த வருஷம் சுமார் 11 நாள் குறைவு என்பதால் கந்தூரியும் ரம்ஜானும் வருஷா வருஷம் முன்னால் வந்துகொண்டே இருக்கும். இது போக, வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் சில வருஷம் ஒரு நாள் இடிக்கும். வீட்டில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரில் எது போட்டிருந்தாலும் கோயில் வாசலில் ஒட்டியிருக்கும் நாள்தான் நாள்.

அண்ணே, ஆடிப்பெருக்குக்கு ஆத்தங்கரைக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? மாமியார் ஊர்ல இல்ல.

ஒரு தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், பூ, வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு. காதோலை கருகமணி கடைத்தெருவில் ஜோடியாகவே கட்டி விற்பார்கள், அது காவிரி அம்மனுக்கு. ஒரு கிண்ணத்தில் காப்பரிசி, அதாவது ஊறவைத்த பச்சரிசியில் வெல்லம் போட்டுப் பிசைந்தது. தேங்காய்ப் பல்லும் எள்ளும் சேர்ப்பது அவரவர் வீட்டு வழக்கம். கரையில் பசுஞ்சாணியாலோ மஞ்சளாலோ பிள்ளையார் பிடித்து வைத்து, விளக்கேற்றிப் படைத்துவிட்டு, வாழை மட்டையில் விளக்கையும் பூவையும் வைத்துத் தண்ணீரில் விடுவார்கள். பிறகு மூத்த சுமங்கலி ஒருவர் எல்லாருக்கும் மஞ்சள் கயிறு கட்டிவிடுவார். பெண்களுக்குக் கழுத்தில், ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கையில். தாலிக் கயிறு மாற்றிக்கொள்பவர்கள் அன்றைக்கே மாற்றிக்கொள்வார்கள்.

புதுசாகக் கல்யாணமானவர்கள் கல்யாண மாலையைப் பத்திரமாக வைத்திருந்து அன்று ஆற்றில் விடுவது வழக்கம். மாலையில் நூலும் பூவும் மட்டும் இருந்தால் சரி. இப்போது வரும் மாலைகளில் பிளாஸ்டிக் மணியும் ஜிகினாவும் தொங்குகின்றன, அதைக் கழற்றி எடுத்துவிட்டு விடுங்கள். அப்புறம், சாப்பாட்டை மறக்க வேண்டாம். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் கட்டிக்கொண்டு போய்க் கரையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவதுதான் பாதிப் பண்டிகை. மாமியார் இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவோடு போய்விடுங்கள். கயிறு கட்டிவிடக் கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை.

அன்னைக்கு ஆத்துல தண்ணியே வரலைன்னா?

வராத வருஷங்களும் இருந்திருக்கின்றன. மேட்டூர் அணையை டெல்டாவுக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அங்கிருந்து கல்லணைக்குத் தண்ணீர் வந்துசேர மூன்று நான்கு நாளாகும், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் குடமுருட்டி. 2022-ல் மழை கொட்டியதால் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. பெருக்குக்கு ஒரு வாரம்கூட இல்லாத நிலையில் எல்லாரும் தினமும் பாலத்தில் நின்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் இல்லாவிட்டாலும் பண்டிகை நிற்காது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவார்கள். ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ போர் போட்டுக் குழாய் வைத்துக் கொடுப்பதும் உண்டு. வயலில் மோட்டார் வைத்திருப்பவர்கள் தொட்டியை நிரப்பி விடுவார்கள். அதுவும் முடியாதவர்கள் வீட்டுக் கிணற்றடியிலோ குழாயடியிலோ படைப்பார்கள். படையல் முன் சொன்னதுதான், வாழை மட்டை விளக்கு மட்டும் இருக்காது.

தண்ணீர் நிறைய வருகிற வருஷத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். கரையில் படித்துறை இருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது.

சப்பரத்தட்டி எங்க கிடைக்கும்? பையன் அழறான்.

ஆடி பிறந்ததும் கடைத்தெருவில் பாருங்கள், தச்சுப்பட்டறை வாசலிலும் தொங்கும். பலகையில் நாலு சக்கரம், மேலே சின்னக் கோபுரம், சாமி படம், வண்ணத்தாள், ஒரு கயிறு, அவ்வளவுதான். பெருக்கன்று பையன்கள் ஆற்றங்கரைவரை இழுத்துக்கொண்டு போவார்கள். அட்டைப் பெட்டியில் வீட்டிலேயே செய்தாலும் ஓடும். சக்கரத்துக்கு மட்டும் மரம் போடுங்கள், எங்கள் தெரு ரோடு அப்படி.

காப்புக் கட்டிட்டா ஊரை விட்டே போகக்கூடாதாமே? எனக்குக் கும்பகோணத்துல வேலை.

போகலாம், ராத்திரிக்குத் திரும்பிவிட வேண்டும். காப்புக் கட்டினால் வெளியூரில் தங்கக்கூடாது என்பதுதான் பழைய கட்டு. விரதம் இருந்து கையில் காப்புக் கட்டிக்கொண்டவர்கள், அதாவது பால்குடம், காவடி எடுப்பவர்கள், தீ மிதிப்பவர்கள், இதைக் கறாராகக் கடைப்பிடிப்பார்கள். மற்றவர்கள் முடிந்த அளவு. நைட் ஷிப்ட் இருக்கும் நர்ஸுகளையும் டிரைவர்களையும் யாரும் கேட்பதில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. காப்புக் கட்டியபின் அவிழ்க்கும்வரை ஊருக்குள் கல்யாணம், கிரகப்பிரவேசம் வைக்கமாட்டார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை விசாரியுங்கள். பத்திரிகை அடிக்க எங்களிடம் வந்த பிறகு தெரிந்து, இரண்டு குடும்பமும் கடை வாசலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது வருஷத்துக்கு ஒரு தடவையாவது நடக்கிறது.

தலைக்கட்டு வரி யாரெல்லாம் குடுக்கணும்? வாடகைக்கு இருக்கறவங்களுக்கும் உண்டா?

தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆணைக் கணக்கில் வைத்து ஒரு குடும்பம். அண்ணன் தம்பி மூவரும் ஒரே வீட்டில் இருந்தாலும் மூன்று வரி. ஊர்க்காரர் சென்னைக்குப் போய் இருபது வருஷமானாலும் அவர் பெயர் நோட்டில் இருக்கும், வரியும் இருக்கும். வாடகைக்கு வந்தவர்களுக்கு வரி கிடையாது. நன்கொடையாக எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். கட்டாயம் என்று யாராவது சொன்னால் ரசீதுப் புத்தகத்தில் "வரி", "நன்கொடை" என்று இரண்டு இருப்பதைக் காட்டுங்கள், அச்சடித்தவன் நான்தான். அறநிலையத் துறைக் கோயிலுக்கு நேரடியாகக் கொடுப்பதென்றால் கோயில் அலுவலக ரசீது வேறு, விழாக் குழு ரசீது வேறு.

கணவர் இல்லாத பெண்கள் குடும்பத்தை நடத்தும் வீடுகளில் பல ஊர்களில் வரி வாங்குவதில்லை. சலுகையாக நினைத்துச் செய்வதுதான். ஆனால் வரி கொடுக்காதவருக்குக் கூட்டத்தில் பேச்சும் இல்லை என்று ஆகிவிடுகிறது. கொடுக்கிறேன் என்று வருபவரிடம் அவர் பெயரிலேயே ரசீது போட வேண்டும், மகன் பெயரில் அல்ல. ரசீதில் "திரு" என்று மட்டும் இருந்ததை "திரு / திருமதி" என்று மாற்றிப் புதுப் புத்தகம் அடித்தபோது குழுவில் ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. அதுவரை யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பணம் குடுத்தாச்சு. கூடமாட ஏதாவது செய்யணும்னா யாரைக் கேக்கறது?

கேட்கவே வேண்டாம். அன்னதானத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கோயில் பின்பக்கம் போய் உட்காருங்கள். தார்ப்பாய் விரித்து, பரங்கிக்காயும் பூசணியும் மலையாகக் குவித்திருப்பார்கள். அரிவாள்மணை கொண்டுவந்தவர்கள் ஒரு வரிசை, கத்திக்காரர்கள் ஒரு வரிசை. சாம்பாருக்கு என்ன அளவு, கூட்டுக்கு என்ன அளவு என்று சமையல்காரர் ஒரு துண்டை நறுக்கிக் காட்டிவிட்டுப் போவார். அதைப் பார்த்து எல்லாரும் வெட்ட வேண்டும். முருங்கைக்காய் எப்போதும் விரல் நீளம். வெங்காயம் உரிக்கும் பக்கத்தில் சிறுசுகளை உட்கார வைப்பார்கள், பத்து நிமிஷத்தில் ஓடிவிடும். பன்னிரண்டு மணிக்கு டீ வரும். ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்பது அந்த ஒரு ராத்திரியில் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பகலில் வேண்டுமானால் தோரணம் கட்டலாம், பந்தியில் தண்ணீர் ஊற்றலாம். சோறு, குழம்பு பரிமாறுவதைப் பழகிய கைகளிடம் விட்டுவிடுங்கள்.

நோட்டீஸ்ல எங்க அப்பா பேரை ஏன் மூணாவதா போட்டீங்க?

நான் போடவில்லை. கையெழுத்துப் பிரதி எப்படி வருகிறதோ அப்படித்தான் அச்சாகும். விழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்துக்கோ தெருவுக்கோ தொழில்காரர்களுக்கோ மண்டகப்படி, அதாவது அன்றைய செலவு அவர்களுடையது. அந்த உபயதாரர் பெயர் அந்த நாளுக்கு நேராக வரும், அதில் தகராறு இல்லை. தகராறெல்லாம் கடைசியில் வரும் விழாக் குழு பட்டியலில்தான். வயசு வரிசையா, நன்கொடை வரிசையா, பழைய பரம்பரை வரிசையா என்று மூன்று கட்சி. நான் சொல்லும் யோசனை அகர வரிசை. இதைக் கேட்டதும் "அ"வில் பெயர் உள்ளவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள்.

புரூப் எடுத்ததும் குழுவில் மூன்று பேராவது கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். அதன்பிறகு மாற்றமில்லை. பட்டப்பெயர், இனிஷியல், இறந்தவர்களுக்கு "அமரர்" போடுவது எல்லாம் அப்போதே பார்த்துவிட வேண்டும். உயிரோடு இருப்பவருக்கு அமரர் விழுந்துவிடக்கூடாது என்பதற்காகவே மூன்று கையெழுத்து.

நாயனமா, செண்டை மேளமா? குழுவுல ரெண்டு பட்சமா இருக்கோம்.

நான் நாயனம் பக்கம். நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை எங்களுக்குக் கும்பகோணம் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். அந்த நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆச்சா மரத்தைக் கடைந்து அங்கே செய்யும் வாத்தியம் எங்கெங்கோ போய் வாசிக்கப்படும்போது, நாம் வேறு மாநிலத்து மேளத்துக்கு முன்பணம் அனுப்பிக் காத்திருப்பது எனக்கு ஒட்டவில்லை. சாமி புறப்பாட்டில் மல்லாரி வாசித்தால்தான் பல்லக்குத் தூக்குகிறவர்களுக்கே நடை பிடிபடும்.

செண்டை பார்க்க நன்றாக இருக்கிறது, இளவட்டங்களுக்குப் பிடிக்கிறது, வீடியோவில் எடுப்பாக விழுகிறது. சரி, ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளெல்லாம் நாயனத்துக்குக் கொடுங்கள். பேசும்போது தவில்காரருக்கும் சேர்த்து நியாயமான தொகை பேசுங்கள். ராத்திரிப் புறப்பாடு முடிய இரண்டு மணி ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ராத்திரியெல்லாம் ஸ்பீக்கர் அலறுது, பிள்ளைக்குப் பரீட்சை. யார்கிட்ட சொல்றது?

இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்பது சட்டம். விழா நாள்களுக்கு அரசு தனியாக நேரம் நீட்டித்தாலும் அது நள்ளிரவுவரைதான். கூம்புக் குழாய்க்கு எந்த நேரத்திலும் அனுமதி கிடையாது. பங்குனித் திருவிழாவும் பொதுத்தேர்வும் பெரும்பாலும் ஒரே மாதத்தில் வந்து முட்டிக்கொள்ளும்.

முதலில் மைக்செட்காரரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள். உங்கள் வீட்டைப் பார்த்த ஸ்பீக்கரைத் திருப்பி வைக்க அவருக்கு ஒரு ஏணி போதும். பிறகு குழுத் தலைவர். அதற்கும் மசியாவிட்டால்தான் காவல் நிலையம். நேராக ஸ்டேஷனுக்குப் போனால் சத்தம் அன்று குறையும், தெருவில் பேச்சு ஒரு வருஷத்துக்குக் குறையாது.

தேர் வடத்தைப் பொம்பளைங்க பிடிக்கலாமா? குழந்தையைத் தூக்கிட்டு வரலாமா?

பெண்கள் தாராளமாகப் பிடிக்கலாம். பல ஊர்களில் ஒரு பக்க வடம் பெண்களுக்கே. குழந்தையோடு வடம் பிடிக்க வேண்டாம். திண்ணையில் நின்று பார்த்துவிட்டு, தேர் நிலைக்கு வந்தபின் பக்கத்தில் போய்க் கும்பிடுங்கள். தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்துக்கு அடியில் போடும் முட்டுக்கட்டைதான். அதைப் போடுகிறவர் சக்கரத்தை ஒட்டியே குனிந்து நடப்பார், பார்வையெல்லாம் கட்டை மேல் இருக்கும். அவருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் செல்போனை நீட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம். எங்களுடையது அதில் சின்னப் பங்குதான், ஆனாலும் கால் மேல் ஏறினால் கால் இருக்காது.

இன்னொன்று கரண்ட். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 விடியற்காலை, அப்பர் சதய விழா ஊர்வலத்தில் சப்பரம் மின்கம்பியில் உரசிப் பதினொரு பேர் இறந்தார்கள். அதிலிருந்து எங்கள் ஊரில் மின்வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, லைன் ஆப் செய்தாயிற்று என்று அவர்கள் ஆள் வந்து சொன்ன பிறகே வடத்தைத் தொடுவது. அலங்காரத்தின் உச்சிவரை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும், போன வருஷ அளவு போதாது. ரோட்டுக்குப் புதுத் தார் போட்டால் கம்பி அவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம்.

தீபாவளிக்கு எப்ப வெடிக்கலாம்? சொக்கப்பனைக்கும் அதே நேரம்தானா?

பட்டாசுக்குத் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. விடியற்காலை நாலு மணி எண்ணெய்க் குளியலுக்கு மட்டும். சொக்கப்பனை பட்டாசு இல்லை. கோயில் முன்னால் பனைமரத்தை நட்டுச் சுற்றிலும் பனையோலை கட்டிக் கொளுத்துவது. கார்த்திகை தீபத்தன்று கோயிலில் விளக்கேற்றியபின் நடக்கும். அடைமழைக் காலம் என்பதால் ஓலையை முன்னமே வெட்டிக் காய வைத்து மூடி வைப்பார்கள். வைக்கோல் போர் பக்கத்தில் இருந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொளுத்தச் சொல்லுங்கள்.

நாங்க வேற மதம். கூப்பிட்டா மட்டும்தான் வரணுமா?

வேண்டாம், வாருங்கள். ராஜகிரியும் பண்டாரவாடையும் பக்கத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள் நாங்கள். ரம்ஜான் மாதத்தில் சாயங்காலம் பள்ளிவாசல் வாசலில் தூக்கோடு நிற்கும் பிள்ளைகளில் யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை. நோன்புக் கஞ்சி எல்லாருக்கும்தான். நாகூரில் சந்தனக்கூடு பார்க்கவும் எல்லாரும் போகிறோம். வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கு எங்கள் தெருவில் மோர் கொடுக்கிறவர்கள் மாரியம்மன் கோயில் மண்டகப்படிக்காரர்கள்.

கோயில் உள்ளே எதுவரை வரலாம் என்பதில் மட்டும் சில கோயில்களில் பலகை இருக்கும். தேர், புறப்பாடு, அன்னதானம், பாட்டுக் கச்சேரி எல்லாம் வீதியில் நடப்பவை. கண்டிப்பாகச் சாப்பிட வேண்டும் என்று கையைப் பிடித்து இழுப்பார்கள், அதற்குத் தயாராக வாருங்கள். வேண்டாமென்றால் பந்தியில் தண்ணீர் ஊற்றப் போய்விடுங்கள், அப்போது யாரும் கேட்கமாட்டார்கள்.

பொங்கலுக்கு ரெண்டு நாள்தான் லீவு. எந்த ரெண்டு நாள் வரட்டும்?

பொங்கலன்று காலை பானை வைப்பதற்குள் வந்துவிட்டு, மாட்டுப் பொங்கல் ராத்திரி கிளம்புங்கள். போகிக்கு வந்து எரிந்ததைப் பார்க்க ஒன்றுமில்லை. காணும் பொங்கல் சென்னையில் கடற்கரைக் கூட்டம், இங்கே அவ்வளவு கிடையாது.

மாட்டுப் பொங்கலை விட்டுவிடாதீர்கள். மாட்டை ஆற்றில் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் அடித்து, நெட்டி மாலை போட்டு, சாயங்காலம் தட்டைத் தட்டிக்கொண்டு கொட்டிலைச் சுற்றி வருவார்கள். மாடு குறைந்துவிட்டதால் இப்போது டிராக்டருக்கும் அதே நெட்டி மாலை, அதே குங்குமம். அறுவடை மெஷின் வைத்திருக்கும் வீட்டில் அதன் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் படைக்கிறார்கள். போகும் வழியில் தஞ்சாவூர் பெரிய கோயிலில் நந்திக்குக் காய்கறி, பழம், இனிப்பால் அலங்காரம் செய்திருப்பார்கள், எட்டிப் பார்த்துவிட்டு ரயிலேறலாம்.

வீட்ல துக்கம் நடந்துருக்கு. இந்த வருஷம் எதுவுமே கூடாதா?

பங்காளி வகையில் நெருங்கிய சாவு என்றால் அந்த வருஷம் வீட்டில் பண்டிகை கிடையாது. பலகாரம் சுடமாட்டார்கள், உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். தூரத்துப் பங்காளி என்றால் தீட்டுக் கழிந்ததும் சரி. கோயில் விழாவுக்கு வரி கொடுக்கலாம், மண்டகப்படி மட்டும் அந்த ஒரு வருஷம் வேறு பங்காளி பெயரில் மாற்றிச் செய்வார்கள்.

விழா நடக்கும்போதே தெருவில் சாவு விழுந்தால், எடுக்கும்வரை கோயில் நடை சாத்திவிடுவார்கள், புறப்பாடும் காத்திருக்கும். இதில் யாரும் முகம் சுளிப்பதில்லை.

சுத்துவட்டாரத்துல ஒரே ஒரு விழாதான் பாக்க முடியும்னா எதுக்குப் போகட்டும்?

திருவையாற்று ஏழூர்த் திருவிழா. நந்திக்குத் திருமழபாடியில் பங்குனியில் கல்யாணம். அதற்குச் சுற்றிலும் உள்ள ஊர்கள் உதவினவாம்: திருப்பழனத்திலிருந்து பழம், திருச்சோற்றுத்துறையிலிருந்து சோறு, திருப்பூந்துருத்தியிலிருந்து பூ, திருநெய்த்தானத்திலிருந்து நெய், இப்படி. நன்றி சொல்லத் திருவையாற்றுச் சாமி ஐயாறப்பரே சித்திரையில் பல்லக்கேறி, திருவேதிகுடி, திருக்கண்டியூர் உட்பட ஆறு ஊருக்கும் போய்வருகிறார். போகப்போக அந்தந்த ஊர்ப் பல்லக்கும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் திருவையாற்றில் எல்லாப் பல்லக்கும் நிற்க, ஒரு பொம்மை வந்து சாமிக்குப் பூப்போடும். அதைப் பார்க்க நிற்கும் கூட்டத்தில் முன்வரிசை கிடைக்காது, மாடியில் இடம் உள்ள ஒரு வீட்டைப் பழக்கம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரையில் வர முடியாதவர்களுக்கு ஐப்பசிக் கடைசி நாள் மயிலாடுதுறைக் கடைமுகம், அதாவது காவிரி முழுக்கு. அதையும் தவறவிட்டால் மறுநாள் கார்த்திகை 1 முடவன் முழுக்கு உண்டு. நடக்க முடியாமல் தாமதமாக வந்துசேர்ந்தவருக்காகச் சிவன் ஒரு நாள் கூடுதலாகக் கொடுத்தார் என்பது கதை. பஸ்ஸைத் தவறவிடுகிறவர்களுக்கும் அது பொருந்தும். கும்பகோணம் மகாமகம் பார்க்க வேண்டுமென்றால் போனது 2016 பிப்ரவரி 22, அடுத்தது 2028. அதற்கு ரூம் இப்போதே கேட்டு வையுங்கள்.

மறுநாள் குப்பையை யார் அள்றது?

தூய்மைப் பணியாளர்கள்தான் அள்ளுகிறார்கள், அதனால்தான் இந்தக் கேள்வி. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் இலை, கப் எல்லாம் தடை. வாழை விளையும் ஊரில் அதை வாங்க யாருக்கும் நியாயமே கிடையாது. பந்திக்கு வாழையிலை, பிரசாதத்துக்குத் தொன்னை, தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர். இலையைத் தனிக் குழியில் போட்டால் எருவாகிவிடும். விழாப் பட்ஜெட்டில் அவர்களுக்கு வேட்டி சேலையோடு ஒரு நாள் கூலியும் எழுதச் சொல்லுங்கள். மைக்செட்டுக்கு எழுதும் தொகைக்குப் பக்கத்தில் அது கண்ணுக்கே தெரியாது.

தேர் எங்க தெருவுக்கு மட்டும் ஏன் வர்றதில்ல?

தெரு குறுகல், கம்பி தாழ்வு, திருப்பம் திரும்பாது என்று பதில் சொல்வார்கள். சில தெருக்களுக்கு அது உண்மைதான். டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். தேர் போகிற தெருவும் அதே அகலம்தான் என்றால் அடுத்த காரணம் சாதிதான், வேறு பெயர் அதற்கு வேண்டாம். கோயிலுக்குள் எல்லாரும் போகலாம் என்று 1947-லேயே இங்கே சட்டம் வந்தாயிற்று. தீண்டாமையை அரசியல் சட்டமே ஒழித்துவிட்டது. "வழக்கம்" என்பது இதற்கு மேல் நிற்காது. இதில் இரண்டு தரப்பும் நியாயம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

முதல் வருஷமே பெரிய தேர் வர வேண்டும் என்று நிற்காமல், சப்பரமோ பல்லக்குப் புறப்பாடோ வரட்டும், ஒரு நாள் மண்டகப்படி உங்கள் தெருப் பெயரில் இருக்கட்டும் என்று கேட்டு, அதைக் கொண்டே அடுத்ததுக்குப் போன ஊர்கள் உண்டு. உடனே தேர்தான் வேண்டும் என்று கேட்பதும் உங்கள் உரிமைதான். எப்படிக் கேட்டாலும் எழுத்தில் கொடுங்கள். கோயில் அலுவலகத்துக்கு ஒன்று, வட்டாட்சியருக்கு ஒன்று, காவல் நிலையத்துக்கு ஒன்று, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோடு. அமைதிப் பேச்சுவார்த்தை என்று கூப்பிடுவார்கள், அதற்கு உங்கள் தெருப் பெண்களும் இரண்டு பேர் போகட்டும். மனுவைப் பந்தக்கால் நடுவதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். பந்தக்கால் நட்ட மறுநாள் வீதிப் பட்டியல் என்னிடம் அச்சுக்கு வந்துவிடும்.